வாடகை வீட்டில் ஒரு செடி

ஓசூரைச் சுற்றி பாகலூர், தளி என்று எந்தப் பக்கம் போனாலும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் கண்ணில் படும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், இரவுக் குளிர். ரோஜாவுக்கு இது போதும். காதலர் தினத்தை ஒட்டி 'தாஜ்மஹால்' ரகச் சிவப்பு ரோஜாக்கள் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன. ஆனால் ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியின் லைன் வீடுகளில் வாசலுக்கு ஒரு துளசிகூட இல்லாத வரிசைகள் உண்டு.

கேட்டால், "சொந்த வீடு கட்டினப்புறம் வெச்சுக்கலாம்" என்பார்கள். இந்தப் பதில்தான் என்னை வருத்துகிறது. பதினோரு மாத ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்தே வருடங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிடுகிறது. அதுவரை நாம் எங்கே வாழ்ந்தோம்? இந்த வீட்டில்தானே! வாடகை கொடுத்தாலும் இங்கே கழிகிற நாட்கள் நம் சொந்த நாட்கள்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று நர்சரிகளில் சொல்வதுண்டு. 1989இல் நாசா மூடிய கூண்டுகளுக்குள் செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை அது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இத்தகைய சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவையாம். காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். செடி வேறொன்றுக்காக வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு; நட்ட கற்பூரவல்லிக் குச்சி வேர்விடும் நாட்களை எந்த மேற்பார்வையாளராலும் விரட்ட முடியாது. நைட் ஷிப்டு முடிந்து வருகிற மனிதருக்கு அப்படி ஒரு காலம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரோஜாவுக்குத் தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அது கிடைக்காது. அங்கே மணி பிளாண்ட் வரும். ஓரளவு வெளிச்சம் விழுந்தால் புதினா வரும். மாடிப்படி ஓரம் வெயில் பட்டால் கற்றாழை, கயிறு கட்டிவிட்டால் பசலை. செடிப் பையில் மண்ணோடு தென்னை நார்க்கழிவைக் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகவும் எளிது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரே இவற்றுக்குப் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மட்டும் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

வீட்டுக்காரர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஈரப்பை நேராகத் தளத்தில் உட்கார்ந்தால் ஓதம் இறங்கும். செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு வைத்தால் தண்ணீர் வடிந்து தளம் காய்ந்துவிடும். ஆகவே மூக்கண்டப்பள்ளியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பைக் நிறுத்த இடம் காட்டுகிறீர்கள், அப்படியே நாலு தொட்டி வைக்கவும் ஓர் இடம் காட்டுங்கள்.