செல்லுக்கு மனசு இல்லை, மனுஷனுக்கு உண்டு

"நாமெல்லாரும் ஒரே சரீரம்" என்கிற வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். சபையிலே கேட்கிறோம், கல்யாண வீட்டிலே கேட்கிறோம், சொத்துப் பிரிக்கிற இடத்திலும் கேட்கிறோம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதினபோது அவயவங்களைக் காட்டித்தான் பேசினார். ஆகிலும் இந்தச் சரீரம் உள்ளுக்குள்ளே எப்படி நடக்கிறது என்று நின்று கவனித்தது உண்டா? இந்த மாதம் என்னோடுகூட அதைக் கொஞ்சம் பாருங்கள்.

1665-ம் வருஷம் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்கிறவர் ஒரு தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். அதற்கு 'செல்' என்று பேர் வைத்தார். அவர் பார்த்தது உயிருள்ள செல் அல்ல. செத்துப்போன செல்களின் சுவர்கள். மரத்தை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கிற பட்டையாக நிற்பதற்கு அந்தச் செல்கள் செத்தே ஆகவேண்டும். செல்லைப் பற்றி மனுஷன் கற்ற முதல் பாடமே இப்படி இருக்கிறது!

நம்முடைய சரீரத்தில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உண்டு என்று 2016-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரே வேலையுள்ள செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம். இவ்வளவு கூட்டத்தில் சண்டை இல்லாமல் காரியம் நடக்கிறதே, எப்படி?

இரத்தத்தில் ஓடுகிற சிவப்பணுவைக் கவனியுங்கள். எலும்பு மஜ்ஜையில் அது வளரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் விட்டுவிடுகிறது. ஏன்? ஹீமோகுளோபினுக்கு இடம் வேணும். அதனால் ஒரு ஆச்சரியம் நடக்கிறது. சரீரம் முழுவதற்கும் பிராணவாயுவைச் சுமக்கிற அந்த அணு, தன் பிழைப்புக்கு அதில் ஒரு துளியும் எடுத்துக்கொள்வதில்லை. பிராணவாயு தேவைப்படாத வழியிலே கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்து, அதில் தன் காலத்தை ஓட்டுகிறது. சுமார் 120 நாள் ஓடி ஓடி உழைத்துவிட்டு, மண்ணீரலிலும் ஈரலிலும் கலைந்துபோகிறது.

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். தாயின் வயிற்றில் ஆறாவது வாரத்தில் அது துடுப்பு மாதிரி தட்டையாகத்தான் இருந்தது. விரலுக்கும் விரலுக்கும் நடுவே இருந்த செல்கள் தாங்களே ஒடுங்கி மடிந்தபடியால்தான் ஐந்து விரலும் பிரிந்தது. மரத்தின் இலை உதிர்வதைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லை எடுத்து, 1972-ல் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பேர் வைத்தார்கள். இந்தச் சாவை ஏற்காமல், போதும் என்கிற சைகைக்கும் அடங்காமல் பெருகுகிற செல்லைத்தான் புற்றுநோய் என்கிறோம். (வியாதிப்பட்டவர்களைக் குற்றப்படுத்தி இதைச் சொல்லவில்லை. செல்லைக் குறித்து மாத்திரம் சொல்லுகிறேன்.)

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் பிரசங்கம் சுலபம். "பார்த்தாயா, செல்லே விட்டுக்கொடுக்குது, நீயும் விட்டுக்கொடு!" பலர் ஆமாம் என்பார்கள். ஆனால் நான் நிறுத்த மாட்டேன். ஏனென்றால் இந்த வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனித்து வருகிறேன். அண்ணன் காலேஜ் போகணும், அதனால் மூத்தவள் படிப்பை நிறுத்தணும். "குடும்பத்துக்காகத்தானேம்மா!" கூட்டம் முடிந்தால் பாய் சுருட்டுகிறவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் வருஷக்கணக்காய் அதே நாலு பேர். "ஊழியம்தானே!" சொல்லுகிறவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுக்கிறவளை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. இது நியாயமா?

ஹென்ரியெட்டா லாக்ஸ் என்கிற தாயைக் குறித்துச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற ஏழைக் கறுப்பினப் பெண். 1951-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கட்டியிலிருந்து செல்களை எடுத்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அவரைக் கேட்கவில்லை, அந்நாட்களில் கேட்கிற வழக்கமே இல்லை. அதே வருஷம் அக்டோபரில் 31 வயதில் அவர் மரித்துப்போனார். அவருடைய செல்களோ கண்ணாடிப் பாத்திரத்தில் பெருகிக்கொண்டே இருந்தன, இன்றைக்கும் பெருகுகின்றன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவினது அந்தச் செல்கள்தான். உலகமெங்கும் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கோ 1970-கள் வரைக்கும் விஷயமே தெரியாது. 2010 வரை அவர் கல்லறையில் பேர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

பிரியமானவர்களே, இதிலே இரண்டு அநீதி இருக்கிறது, கவனித்தீர்களா? அடங்காத ஒரு செல் அந்தத் தாயைக் கொன்றது. அதற்கு மனசு இல்லை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மனசுள்ள மனுஷர், அந்தத் தாயையும் ஒரு செல்லைப் போல எண்ணி, கேளாமல் எடுத்தார்கள். நன்மை விளைந்தது மெய்தான். நன்மை விளைந்ததினால் கேளாமல் எடுத்தது சரியாகிவிடுமா? ஆகாது என்றே நான் சொல்லுவேன். அவரைக் கேட்டிருந்தால், ஒருவேளை சந்தோஷமாய்க் கொடுத்திருப்பார். அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டார்கள்!

செல் கொடுக்கிறது, அதற்கு வேறு வழி தெரியாது. மனுஷன் கொடுக்கும்போது, மாட்டேன் என்று சொல்லக்கூடியவன் கொடுக்கிறான். அதனால்தான் அது தியாகம். மாட்டேன் என்று சொல்ல இடமில்லாதவளிடம் வாங்கினதற்குத் தியாகம் என்று பேர் வைக்கக்கூடாது.

இன்னொன்றையும் சரீரத்திடமே கற்றுக்கொள்ளுங்கள். சில இடங்களைத் தவிர, உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரைக்கும் பெரும்பாலான செல்களுக்குப் பக்கத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளே, ஒரு இரத்த நுண்குழாய் போகிறது. மூளைக்கு நிறையப் போகிறது, சுண்டுவிரலையும் விட்டுவிடுவதில்லை. எங்கேயாவது இரத்தம் போகாமல் நின்றால் அந்த இடம் அழுகும். கவனிக்காமல் விட்டால் முழுச் சரீரத்துக்கும் ஆபத்து. ஆகவே "நாம் ஒரே சரீரம்" என்று சொல்ல வாய் திறக்கிறவர், "எல்லா இடத்துக்கும் இரத்தம் போகிறதா?" என்று முதலாவது பார்க்கக்கடவர்.

இந்த வாரம் ஒன்று செய்வோமா? உங்கள் வீட்டிலே எப்போதும் கடைசியாய்ச் சாப்பிடுகிறது யார்? சபையிலே எப்போதும் கடைசியாய் வீட்டுக்குப் போகிறது யார்? அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதிருங்கள். பதில் வர நேரமாகும், ஏனென்றால் அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. காத்திருங்கள்.