தன் சாட்சி

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது பழைய நியாயம். சாட்சியாகவாவது இருக்கலாமா என்பது என் கேள்வி. மறதிநோயின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு முதியவர் தொடர்ந்து கார் ஓட்டலாமா என்று தீர்மானிக்க நேரும்போது இக்கேள்வி வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடுவதில்லை. ரோட்டைக் கடக்கும் எவனோ ஒருவனின் உயிர் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் 40 வயது கடந்தவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தரவேண்டும். படிவம் பார்வையைப் பற்றிக் கேட்கிறது, காதைப் பற்றி, கைகால் ஊனத்தைப் பற்றிக் கேட்கிறது. ஞாபகத்தையோ நிதானத்தையோ தனியாகச் சோதிக்கச் சொல்வதில்லை. கூடவே விண்ணப்பதாரர் கையெழுத்திடும் உறுதிமொழி: பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய் ஏதும் உமக்கு உண்டா? எனக்கு 71 வயது. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த "இல்லை"யின் பெறுமானம் என்ன என்று அன்றிலிருந்து யோசித்துவருகிறேன்.

தன் குறையைத் தானே அறியாத ஸ்திதிக்கு 1914-ல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 'அனோசோக்னோசியா' என்று பெயரிட்டார். பக்கவாதத்தில் கை விழுந்துபோனவர், கைக்கு ஒன்றுமில்லை என்கிறார். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இங்கே குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியே குறைபட்டுக் கிடக்கிறது. டிமென்ஷியாவிலும் இது நேர்வதுண்டு. அமெரிக்க நரம்பியல் அகாதெமி 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 'நன்றாகத்தான் ஓட்டுகிறேன்' என்று நோயாளி சொல்வதால் மதிப்பீட்டுக்குப் பயனில்லை என்கிறது. ஆபத்தாக ஓட்டுகிறார் என்று கூட இருப்பவர் சொன்னால் அதற்கு மதிப்புண்டு. அகவய அனுபவத்தையே இறுதிப் பிரமாணமாகக் கொண்டு எழுதிவந்திருக்கும் நமக்கு இது கசக்கத்தான் செய்யும்.

ஜப்பானில் 75 வயதானவர்கள் உரிமம் புதுப்பிக்கும்போது 2009-லிருந்து அறிவாற்றல் சோதனை உண்டு. தேதி கேட்பார்கள்; 16 படங்களைக் காட்டிப் பிறகு நினைவுகூரச் சொல்வார்கள். 2022 வரை கடிகாரம் வரைவதும் இருந்தது. மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் இந்தக் கடிகாரச் சோதனையில் வழக்கமாகக் கேட்கும் நேரம் 11 மணி 10 நிமிஷம். பெரிய முள் 2-க்குப் போகவேண்டும். சிலருக்கு அது 10-க்கே போய்விடுகிறது. காதில் விழுந்த எண் கையை இழுத்துவிடுகிறது. நாற்சந்தியில், எதிரே வருவதைப் பாராமல், முன்னால் திரும்பும் வண்டியின் பின்னாலேயே திரும்பிவிடுகிறவரை இது எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

ஆனாலும் காகிதம் வேறு, ரோடு வேறு. 2017-க்குப் பிறகு ஜப்பானில், சோதனையில் சந்தேகம் எழுந்தால் மருத்துவர் பார்த்தாகவேண்டும். டிமென்ஷியா என்று உறுதியானால் உரிமம் போய்விடும். மேற்சொன்ன 2010 வழிகாட்டுதலோ, லேசான டிமென்ஷியா உள்ளவர்களில் 76 சதவீதம் வரை சாலையில் ஓட்டிக்காட்டும் தேர்வில் தேறக்கூடும் என்கிறது. நோயின் பெயரை மட்டும் வைத்துச் சாவியைப் பிடுங்குவது இவர்களுக்கு அநியாயம். எல்லோரையும் விட்டுவைப்பது, தேறாதவரின் வண்டிக்கு எதிரே வருபவனுக்கு அநியாயம். கூட இருப்பவரின் சாட்சியத்திலும் பயமோ சௌகரியமோ கலந்திருக்கலாம். பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச்சொல்லிப் பார்ப்பதே நேர்மை. நோய் வளர்வது, எனவே ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடியும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. சாவியை ஒளித்துவைத்துவிட்டு "பேட்டரி டவுன்ப்பா" என்கிறார்கள். அன்பினால்தான். ஆனால் அந்தக் கணத்தில் அப்பா, உண்மையைக் கேட்கத் தகுதியற்ற ஒரு ஜடமாகிவிடுகிறார். உரிமம் போவதைவிடப் பெரிய இழப்பு இது.

அமெரிக்காவில் நோயின் தொடக்கத்திலேயே, 'இன்னார் சொல்லும் நாளில் ஓட்டுவதை நிறுத்திக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. ஜான் லாக் ஆட்சேபிக்கக்கூடும். நினைவின் தொடர்ச்சியே ஆளின் தொடர்ச்சி என்று 1694-ல் வாதித்தவர் அவர். எழுதிக்கொடுத்ததை மறந்துபோனவன் அவர் கணக்கில் எழுதிக்கொடுத்தவனே அல்ல; பின் அந்தக் காகிதம் அவனை எப்படிக் கட்டுப்படுத்தும்? ஆள் மாறலாம், ஆனால் எதிரே ரோட்டைக் கடக்கும் குழந்தை மாறுவதில்லை என்பது என் பதில். வாக்குக் கொடுத்தது அந்தக் குழந்தைக்கு. கொடுத்தவன் மறந்துவிட்டான் என்பதால் பெற்றவரின் உரிமை அழிந்துவிடாது.

நானும் என் மகளிடம் அப்படி எழுதிக்கொடுத்திருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சாவியை வாங்கும்போது காரணத்தைச் சொல்லித்தான் வாங்கவேண்டும். மறுநாள் நான் மறந்து மறுபடி கேட்டால், மறுபடியும் சொல்லவேண்டும்.