பாழ் என்னும் சொல்

நம் கவிதைகளில் பாலை என்ற சொல் வரும்போது அது ஒரு நிலத்தைக் குறிப்பதில்லை. மனசின் வறட்சி, உறவின் வெறுமை, அர்த்தமிழந்த நகர வாழ்வு, இவற்றில் ஏதோவொன்றுக்குப் பெயராக நிற்கிறது. வெறும் உருவகப் பழக்கம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு நிலத்தை இன்மையின் பெயராக நெடுங்காலம் வழங்கிவந்த மொழிக்கு, அந்த நிலம் அழியும்போது அதை அழிவென்று சொல்லும் சக்தி இருக்குமா என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை.

இந்த வழக்கம் பழையது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது பாலை என்பது வேறொன்றின் சிதைவு. வெள்ளையரின் வருவாய்த்துறை வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது: வரி தராத நிலம் தரிசு. 2000இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுதியிலும் புதர்நிலமும் பாலை மணலும் தரிசின் வகைகளாகவே இடம்பெற்றன. காவியமும் கணக்குப்பிள்ளையும் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் இது.

தார்ப் பாலையில் என்னதான் இருக்கிறது? சேவண் என்ற புல். ஃபோக் என்ற புதர். இலந்தை, எருக்கு. ராஜஸ்தானத்தார் கேஜ்ரி என்று கும்பிடும் மரம், நம் கோயில்களில் ஸ்தல விருட்சமாக நிற்கும் வன்னியேதான். பிறகு, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் கானமயில். இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. இந்தப் புதர்வெளி பெருமளவு பசுமையின் பெயரால் அழிந்தது என்பதுதான் விசித்திரம். 1958இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் பஞ்சாப் நதிகளின் நீரைக் கொண்டுவந்தபோது சேவண் வெளிகள் கோதுமை வயல்களாயின. மணலை நிறுத்த நட்ட சீமைக் கருவேல் தானே பரவியது. கால்வாயால் வயிறு நிறைந்தவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் நிலத்துக்கு நோய் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு செய்த சிகிச்சை அது.

இப்போதைய சிக்கல் இன்னும் கடினம். பட்லாவில் ஏறத்தாழ 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. பேராசை என்று எளிதில் ஏசிவிட முடியாது. நிலக்கரிப் புகையிலிருந்து உலகம் மீளவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை, உடல் கனத்தது. எதிரே வரும் மின்கம்பியைக் கண்டு விலகுமுன் மோதிவிடுகிறது. 2021இல் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், 2024 மார்ச்சில் அந்தப் பொது ஆணையை விலக்கிக்கொண்டு நிபுணர் குழுவிடம் விட்டது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதை உரிமையாக அங்கீகரித்ததும் அதே தீர்ப்புதான். இரண்டு நன்மைகளுக்கு இடையிலான வழக்கு இது.

தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதைவிட, வழக்குக்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று முக்கியம் என்று நினைக்கிறேன். ஒன்றை இழக்கிறோம் என்று தெரிந்து, அதன் மதிப்பையும் அறிந்து, வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது அறத்தின் பாற்பட்ட செயல், முடிவு தவறாகப் போனாலும். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லி எடுத்துக்கொள்பவன் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வேறு இடம் உண்டா, ஊர்க் கூரைகள் போதுமா, கம்பி வேறு வழியில் போகலாமா என்ற கேள்விகளே அவனுக்கு எழுவதில்லை. தரிசு என்ற சொல் அந்தச் சுமையை இறக்கிவைத்துவிடுகிறது.

1730இல் ஜோத்பூர் அரண்மனைக்கான சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லியில் அம்ருதாதேவியும் மற்ற பிஷ்ணோய்களுமாக 363 பேர் வன்னி மரங்களைக் கட்டிக்கொண்டு மாண்டதாகச் சொல்லப்படுகிறது. இதை வீரக்கதையாக மட்டும் படிப்பது போதாது. வந்தவர்கள் கண்ணுக்கு விறகாயிருந்ததை மரமென்று சொல்ல அவர்களுக்கு வேறு மொழி கிடைக்கவில்லை. தெய்வத்தின் பெயரால் கோடரி படாமல் விட்ட ஓரண் என்னும் வெளிகளும் அங்கே உண்டு. அவற்றில் பல, பதிவேட்டில் வெறும் தரிசு. அவற்றை அளந்து காடென்று அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். ஆனால் காப்பதற்கும் வேறொன்றின் பெயரைத்தான் சூட்டவேண்டியிருக்கிறது.

சங்கக் கவிகள் பாலையைப் பார்த்தார்கள். கள்ளி, ஓமை, பல்லி, செந்நாய், பருந்து என்று ஒவ்வொன்றும் தன் பெயரோடு அங்கே இருக்கிறது. பிரிவைச் சொல்லத்தான் அவை வந்தன என்றாலும், பார்த்த பிறகே பயன்படுத்தினார்கள். புதுக்கவிதை பார்க்காமலேயே பயன்படுத்துகிறது. நிலத்தைக் காப்பாற்றுவது கவிஞனின் வேலையல்ல என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். இல்லாத ஒன்றைக் காப்பாற்றும்படி யாரையும் கேட்க முடியாது. இருக்கிறது என்று யாராவது முதலில் சொல்லியாக வேண்டும்.