பழைய துப்பாக்கியும் கவ்வாத்துக் கத்தியும்

கொஸ்லந்தவிலிருந்து கீழிறங்கும் பாதை தியலும அருவியைக் கடந்து வெல்லவாயவை அடைகிறது. 1971 ஏப்ரல் 5ஆம் நாள் விடியற்காலையில் அவ்வூர்ப் பொலிஸ் நிலையத்தைக் கிளர்ச்சி இளைஞர்கள் தாக்கினர். வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளுமே அந்தக் கிளர்ச்சியின் ஆயுதங்கள். இலங்கைப் படைகளிடமோ ·303 லீ–என்பீல்ட் அன்றும் வழக்கில் இருந்தது. 1895இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற அமைப்பு அது. கலாஷ்னிக்கோவின் தானியங்கித் துப்பாக்கி 1949இலேயே சோவியத் படையிற் சேர்ந்துவிட்டது. அதற்குப் பின்னும் பழையது விடைபெறாதது ஏன்?

காரணங்கள் கண்கூடு. பழையதன் அமைப்பு எளிது. மழையும் சேறும் அதனை முடக்குவதில்லை. கிடங்கில் தோட்டா குவிந்திருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கின்றனர். புதியதை ஏற்பதென்றால் புதிய தோட்டா, உதிரிப்பாகம், பயிற்சி அனைத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். சற்றுச் சிறந்தது என்பதற்காக எவரும் இத்தனைச் செலவை மேற்கொள்வதில்லை.

இவ்வூர்த் தோட்டத் தொழிலாளியின் கவ்வாத்துக் கத்தி நிலைத்திருப்பதற்கும் ஏறக்குறைய இதுவே காரணம். கை அறிந்த கருவி அது. தீட்டினால் மீண்டும் கூர்மை பெறும். அவ்வாறாயின் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

நிறுக்க இயலாது. கத்தி நல்லதா என்பதை அதனைப் பிடித்த கை கூறும். வெட்டுண்ட செடி மீண்டும் தளிர்த்து அதற்குச் சாட்சியாகும். துப்பாக்கி நல்லது என்று நற்சான்று வழங்குவோரோ அதன் பின்னால் நிற்பவர்களே. முன்னால் நின்றவனை எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் நிராயுதபாணிகளான மக்கள்மீது 1,650 தோட்டாக்களைப் பாய்ச்சியவை ·303 துப்பாக்கிகளே. அந்நியர் வெளியேறிய பின்னும் அவ்வினத் துப்பாக்கி இந்தியப் பொலிசாரின் தோளில் தொங்கியது. உத்தரப் பிரதேசப் பொலிசார் அதற்கு விடைகொடுத்தது 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில்தான்! அத்தனை ஆண்டுகளும் அது நன்றாகவே சுட்டது என்பது உண்மை. யாரைச் சுட்டது என்ற கேள்விக்கு அவ்வுண்மையில் விடை இல்லை.

கலாஷ்னிக்கோவ் நாஜிகளிடமிருந்து தாய்நாட்டைக் காக்கவே ஆயுதம் அமைக்க முனைந்தார். சீனாவில் உருவான அதன் வழித்தோன்றலே நம் நாட்டின் ரி–56. அரசுப் படையும் அதனை எதிர்த்தோரும் அதனையே ஏந்திப் பொருதினர். 2009இல் போர் முடிந்தது. பாதாளக் கும்பல்களின் கொலைகளில் அத்துப்பாக்கி இன்னும் ஒலிக்கிறது. அம்மரணங்களில் தமக்கும் பங்குண்டோ என்று கலாஷ்னிக்கோவ் தம் முதுமையில் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு எழுதிக் கேட்டார். 2013இல் மறைந்தார்.

அக்கேள்வியை அவர் ஒருவரது மனச்சாட்சியோடு முடித்துவிடுதல் நமக்கு வசதியானது, நேர்மையானதன்று. செய்தவன் ஒருவன், வாங்கியது அரசு, வரி செலுத்தியவர்கள் நாம். நீண்ட ஆயுள் கருவிக்குச் சிறப்பாக இருக்கலாம். ஆனால் தன்னை வேண்டிய காரணம் மறைந்த பின்னும் உயிர் வாழும் ஆயுதம், தனக்கென ஒரு புதிய காரணத்தையும் ஒரு புதிய கையையும் தேடிக்கொள்கிறது. ஆகவே, "எந்தத் துப்பாக்கி சிறந்தது?" என்று மாணவன் கேட்டால், "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பதே ஆசிரியரின் கடமை.