விடை தெரிந்த பின்னும்

கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதை முடிந்தது என்பார்கள். அப்படியென்றால், 1947இல் லண்டனில் தொடங்கிய ஃபோலியோ சொசைட்டி போன்ற பதிப்பகங்கள் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளுக்குக் கெட்டி அட்டையும் ஓவியங்களும் தனி அட்டைப்பெட்டியும் செய்து விற்பது எதற்காக? வாங்குகிறவர் பலருக்கு முடிவு முன்பே தெரியும்.

குற்றவியல் வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்ற நானும் இத்தகைய பதிப்புகளை ஆசையாக வாங்குகிறவன். தீர்ப்பு வாசித்ததும் நீதிமன்றம் கலைந்துவிடும். கூண்டில் நின்றவன் மட்டும் இனி எப்படி வாழ்வது என்று திகைத்து நிற்பான். கதையிலும் அப்படித்தான். முதல் வாசிப்பில் புதிரின் பின்னால் ஓடுகிற நமக்கு அவன் முகம் தெரிவதில்லை. விடை தெரிந்து படிக்கும்போதுதான் தெரிகிறது. நல்ல ஓவியம் அந்த முகத்தின் முன்னால் நம்மை நிறுத்தியும் வைக்கிறது.

ஸ்ட்ராண்ட் இதழில் 1892 ஜனவரியில் வெளியான 'தி புளூ கார்பங்கிள்' கதைக்கு சிட்னி பேஜட் வரைந்த படங்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று, ஹோம்ஸின் காலைப் பிடித்துக் கெஞ்சும் ஜேம்ஸ் ரைடரைக் காட்டுகிறது. ஹோட்டல் ஊழியனான ரைடர் ஒரு சீமாட்டியின் ரத்தினத்தைத் திருடி, பழியை ஹார்னர் என்ற குழாய்ப் பணியாளன்மேல் போட்டவன். ஹார்னர் ஏற்கெனவே தண்டனை பெற்றவன் என்பதால் சந்தேகம் அவன்மேல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டிக்கொள்ளும் சந்தேகத்தை நீதிமன்றத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரைடரை ஹோம்ஸ் போகவிடுகிறார். அது கிறிஸ்துமஸ் காலம். சிறைக்கு அனுப்பினால் அவன் ஆயுள் முழுக்கச் சிறைப்பறவை ஆகிவிடுவான் என்பது அவர் எண்ணம். ரைடர் சாட்சி சொல்ல வராவிட்டால் ஹார்னர்மீதான வழக்கும் நிற்காது. இந்தக் கருணை என்னை நெகிழவைக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. அநியாயமாகச் சிறையில் கிடந்தவன் ஹார்னர். அவனுக்கு இழைத்த தீங்கை மன்னிக்க ஹோம்ஸுக்கு ஏது உரிமை?

இதற்கு ஜி. கே. செஸ்டர்டனின் கதைகளில் துப்பறியும் பாதிரியாரான ஃபாதர் பிரவுன் வேறொரு வழி காட்டுகிறார். ஜான் ஓ'கானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாருக்குத் தீமையைப் பற்றி இருந்த ஆழமான அறிவைக் கண்டு வியந்தே செஸ்டர்டன் இந்தப் பாத்திரத்தைப் படைத்தார். 1911இல் வந்த முதல் தொகுப்பில் 'தி ஹேமர் ஆஃப் காட்' என்ற கதை இருக்கிறது. கோயில் உச்சியில் நின்று பிரார்த்திக்கும் வில்ஃப்ரெட் என்ற இளம் குரு, கீழே நிற்கும் தன் தீய அண்ணன்மேல் சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். உயரத்திலிருந்து பார்க்கையில் மனிதர்கள் பூச்சிகளாகத் தெரிந்ததுதான் அவன் வீழ்ச்சி.

உண்மையைக் கண்டறிந்த பிரவுன் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. மன்னித்து அனுப்புவதும் இல்லை. உயரத்திலிருந்து குதித்துச் சாகப்போனவனைத் தடுத்து, அடுத்து என்ன செய்வது என்பதை அவனிடமே விடுகிறார். வில்ஃப்ரெட் தானே இறங்கிப்போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அவன் மனம் பிரவுனுக்கு எப்படித் தெரிந்தது? தானும் மனிதன், அதே தீமைகள் தன் நெஞ்சிலும் உண்டு என்று அறிந்தவர் அவர்.

பிறர் பட்ட துன்பத்தை மன்னிக்கும் உரிமை நமக்கு இல்லை. தவறியவன் தானாகத் திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைக்கும் கடமை மட்டும் உண்டு. இதுவே நான் வந்து சேர்ந்த முடிவு. ஹோம்ஸைவிட பிரவுன் அறத்துக்கு நெருக்கமானவர் என்று நான் நம்புவதும் இதனால்தான்.

இத்தகைய பதிப்பு ஒன்று உங்களிடம் இருந்தால் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். முடிவு தெரிந்த கதையையே எடுத்து மெல்லப் படியுங்கள். யார் செய்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, செய்தவனுக்கு இனி என்ன வழி என்று கேளுங்கள்.