அறிந்தவரின் பொறுப்பு

கொள்ளைநோய் பரவும் காலத்தில் மக்கள் மருத்துவரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் புதிய நோயைப் பற்றி மருத்துவருக்கே முழுமையாகத் தெரிவதில்லை. அந்நிலையில் அவர் பேசுவதா, மௌனம் காப்பதா? சொன்ன சொல்லை ஒரு நொடியில் சமூக ஊடகம் உலகெங்கும் கொண்டுசெல்லும் இக்காலத்தில், இது நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி.

2019 டிசம்பர் 30 அன்று சீனாவின் வூஹான் நகரக் கண் மருத்துவர் லி வென்லியாங், தம்முடன் பயின்ற மருத்துவர்களுக்கு வீசாட் வழியே ஒரு செய்தி அனுப்பினார். ஏழு பேருக்கு சார்ஸ் நோய் உறுதியாகியுள்ளது, குடும்பத்தாரை எச்சரியுங்கள் என்றார். பின்னர் அதே குழுவில், அது கொரோனா வைரஸ் என்பதே உறுதி, அதன் வகை இன்னும் ஆராயப்படுகிறது என்று தெளிவுபடுத்தினார். 2020 ஜனவரி 3 அன்று காவல்துறை, பொய்யுரைத்ததாக அவரைக் கண்டித்துக் கையொப்பம் பெற்றது. பிப்ரவரி 7 அன்று அதே நோயால் அவர் உயிர் நீத்தார். மார்ச்சில் அந்தக் கண்டனம் திரும்பப் பெறப்பட்டது.

மற்றொரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதில்லை என்பதே உண்மை என்று ட்விட்டரில் அறிவித்தது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டினர். காற்றோட்டமற்ற அறைகளில் நோய் காற்றின் வழியே பரவக்கூடும் என்ற தெளிவான விளக்கம் 2021 ஏப்ரலில்தான் அந்நிறுவனத்தின் இணையதளத்தில் இடம்பெற்றது.

இருவர் சொல்லிலும் பிழை இருந்தது. பிழை மனித இயல்பு, அது குற்றமன்று. ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாதது என்றார், சொன்ன இடத்திலேயே திருத்தினார். மற்றவரோ ஆராய்ந்து முடியாததை முடிந்த உண்மையாக அறிவித்தார். திருத்தம், முதல் சொல் சென்ற வேகத்தில் செல்லவில்லை. சொல்லின் பொருள் மட்டுமன்று, அதன் உறுதியின் அளவும் சரியாக இருப்பதே வாய்மை.

‘தெரியாது’ என்றால் மக்களின் நம்பிக்கை குலையாதா என்று கேட்கலாம். ‘இன்று என் கணிப்பு இது, பரிசோதனை முடிவு வந்தால் மாறலாம்’ என்று சொல்லும் மருத்துவரை நோயாளி வெறுப்பதில்லை. நாளை அவர் கருத்தை மாற்றும்போதும் அவரை நம்புகிறார்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார் என்று நாம் ஏளனம் செய்தால், திருத்திக்கொள்ளும் நேர்மையையே தண்டிக்கிறோம். எச்சரிக்கையை விரைந்து பிறருக்கு அனுப்பும் நம் கை, திருத்தத்தையும் அதே விரைவில் அனுப்பட்டும்.