கடைசிக் கவளம்

கோசல நாட்டு மன்னன் பிரசேனஜித்து, வயிறு நிரம்ப உண்டுவிட்டு, பருத்த சரீரத்தைச் சுமக்கமாட்டாமல் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, சிராவஸ்தியில் புத்தர் பெருமானைத் தரிசிக்க வந்து அமர்ந்த செய்தியைச் சம்யுத்த நிகாயம் மிகச் சுருக்கமாகக் கூறுகிறது. துரோண அளவு அரிசியைச் சமைத்து உண்டு பழகியவன் அவன். துறவையும் நிர்வாணத்தையும் உபதேசித்த ஒரு மகான், ஓர் அரசனுடைய வயிற்றைப் பற்றிப் பேசுவானேன் என்ற கேள்வி இதைப் படிக்கிற எவருக்கும் எழக்கூடும். உடல் பெருப்பதும் இளைப்பதும் வைத்தியனுடைய விஷயம், ஆன்மாவின் கடைத்தேற்றமே சமயத்தின் விஷயம் என்று பாகுபாடு செய்து பழகிவிட்டோம். அந்தப் பாகுபாடு பிழையானது என்பதே என் அபிப்பிராயம். அதற்கு இந்தச் சிறு வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேறு எனக்குத் தெரியவில்லை.

பெருமான் மன்னனைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ணும்போது நினைவு தவறாமல், கிடைத்த உணவில் அளவறிந்து நிற்பவனுக்கு வேதனைகள் மெலியும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் பொருளுடைய ஒரு காதையை மட்டும் சொன்னார். அதைக் கேட்ட மன்னன், தன் பின்னால் நின்றிருந்த சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அக்காதையைப் பெருமானிடமே பாடங்கேட்டுக்கொண்டு, தான் உண்ணும் வேளைதோறும் ஓதிவரும்படியும், அதற்காக நாள்தோறும் 100 காசு பெற்றுக்கொள்ளும்படியும் ஏற்பாடு செய்தான். இதற்கு விளக்கம் எழுதிய பழைய உரைகாரர்கள் நுட்பமான ஒரு செய்தியைச் சேர்க்கிறார்கள். இளைஞன் அதை உணவின் தொடக்கத்தில் ஓதக் கூடாது. மன்னன் கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கிற தருணத்திலேயே ஓத வேண்டும். அதைக் கேட்டதும் மன்னன் அந்தக் கவளத்தை உண்ணாமல் விட்டுவிடுவான். மறுவேளைக்கு அந்தக் கவளத்தின் அளவுக்கு அரிசி குறைத்துச் சமைக்கப்படும். இவ்வாறு படிப்படியாகக் குறைந்து, நாழியரிசிச் சோற்றோடு அவன் நின்றான். பதினாறு நாழி ஒரு துரோணம் என்பது பெருவழக்கான கணக்கு.

இம்முறையின் விவேகத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. பசித்தவன் உண்ணுகிற முதற்கவளத்தில் குற்றம் ஒன்றுமில்லை, நடுக்கவளத்திலும் இல்லை. பசி அடங்கிய பிறகும் கை தானாக இலைக்குச் செல்கிறதே, அந்த இடத்தில்தான் உணவு தன் தொழிலை விட்டு வேறொரு தொழிலை மேற்கொள்கிறது. தனிமைக்குத் துணையாகவும், அவமானத்துக்கு ஆறுதலாகவும், நாளெல்லாம் உழைத்ததற்கு யாரும் தராத கூலியாகவும் அது மாறிவிடுகிறது. பிரசேனஜித்து துக்கத்தினால்தான் மிகுதியாக உண்டான் என்று அந்நூல் சொல்லவில்லை. ஆனால், அதே தொகுதியில் இதை அடுத்து வரும் சூத்திரங்களில், அவன் தன் மருமகன் அஜாதசத்துருவிடம் போரில் தோற்று ஓடியதும், பின்னர் அன்புக்குரிய பாட்டியை இழந்து கலங்கியதும் பேசப்படுகின்றன. ஆறுதல் வேண்டாத வாழ்க்கை அவனுக்கும் வாய்க்கவில்லை.

இப்படி ஆறுதல் தேடி உண்பவர்களை நாவடக்கமற்றவர்கள் என்று பழிப்பது உலக வழக்கம். நாவை வெல்வது பெரிய தவம் என்பதில் ஐயமில்லை. காந்தியடிகள் தம் ஆசிரம விரதங்களுள் ஒன்றாக அஸ்வாதத்தை வைத்து, உணவை மருந்தைப் போல, சுவைக்காக அன்றி உடலைக் காப்பதற்காகவே உண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆசிரமவாசிகளுக்கு அது தகும். ஆயினும், மனம் புண்பட்டு உண்பவன் சுவையைத் தேடி உண்பதில்லை என்பதை அருகிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அவன் அவசரமாக உண்கிறான், பெரும்பாலும் மறைவாக உண்கிறான், எதை உண்டோம் என்ற பிரக்ஞைகூட இன்றி உண்டு முடிக்கிறான், முடித்ததும் வெட்கப்படுகிறான், அந்த வெட்கம் தாளாமல் மறுபடியும் உண்கிறான். அவனுடைய நோய் நாவில் இல்லை. நிந்தனையோ அந்தச் சுழலை விரைவாகச் சுற்றிவிடுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

மணிமேகலைக் காப்பியத்துக் காயசண்டிகையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விருச்சிக முனிவனுக்குரிய நாவற்கனியை அறியாது காலால் சிதைத்து, யானைத்தீ என்னும் பெரும்பசியைச் சாபமாகப் பெற்ற அவள், எவ்வளவு உண்டும் அடங்காத வயிற்றோடு பன்னீராண்டு வருந்தினாள். அந்தப் பசியைத் தீர்த்தது உணவின் மிகுதி அன்று. ஆதிரை நல்லாள் மனமுவந்து இட்ட முதற்பிச்சையை ஏற்ற அமுதசுரபியிலிருந்து மணிமேகலையின் கையால் பெற்ற உணவே அதைத் தீர்த்தது. கருணையோடு வந்த உணவுக்கு மட்டுமே அடங்குகிற பசி ஒன்று உண்டு என்று சாத்தனார் கண்டிருக்கிறார்.

இனி, திடீரென்று உணவைத் துறந்து உடலை வற்றச் செய்யத் துணிகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலமாகிய 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களுள் 36 பேர், போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் என்று நம்பித் தாமாகவே முன்வந்து, ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உணவைத் தவிர வேறு சிந்தனை அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. சமையற் புத்தகங்களை ஆவலோடு படித்தவர்கள் உண்டு. பரிசோதனை முடிந்து வேண்டியமட்டும் உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தீராமல் தவித்தவர்கள் உண்டு. கொள்கைக்காகத் தேசத்தின் ஏளனத்தையே தாங்கிய உறுதி படைத்தவர்களுக்கு இந்நிலை என்றால், பட்டினி கிடந்து பின்பு தோற்றுப்போகிற ஒரு சாமானியனை நோக்கி மனோபலம் இல்லாதவன் என்று கூறுவது அநியாயம் அல்லவா? பட்டினியை உடல் ஆபத்தாகவே கொள்கிறது. அதை எதிர்க்கத் தன் சக்தி முழுவதையும் திரட்டுகிறது. ஒரு வேளைக்கு ஒரு கவளம் குறைவதை அது அவ்வாறு எதிர்ப்பதில்லை. கடுந்தவத்தால் எலும்புக்கூடாகி, பின் சுஜாதை இட்ட பாற்சோற்றை உண்டு எழுந்த பெருமான், மன்னனை உபவாசம் இருக்கச் சொல்லாததில் வியப்பில்லை.

உலகாளும் அரசனாயினும் இரவும் பகலும் வேட்டைக்கு அலைகிற எளியவனாயினும் உண்பது ஒரு நாழியே என்று நம் நக்கீரர் புறநானூற்றில் அளந்து வைத்தார். கோசல மன்னன் நின்ற அளவும் அதுவே. அந்த அளவை எல்லோரும் அறிவார்கள். அறிந்தும் அங்கே வந்து நிற்பதற்குத்தான் துணை வேண்டியிருக்கிறது. மன்னன் தன் விவேகத்தை மட்டும் நம்பவில்லை, தக்க தருணத்தில் நினைவூட்ட ஒரு குரலைத் தேடிக்கொண்டான். அந்தக் குரல் தன்னிடம் அஞ்சி அடங்கிவிடாதபடி அதற்கு ஊதியமும் வைத்தான். பின்னாளில் உடல் மெலிந்து சுகமுற்ற அவன், தன் அங்கங்களைக் கையால் தடவிக்கொண்டு, பெருமான் எனக்கு இம்மைப் பயன், மறுமைப் பயன் ஆகிய இரண்டிலும் கருணை செய்தார் என்று உரைத்ததாக நூல் முடிக்கிறது. அவன் அவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரிக்கவில்லை.

நம் வீடுகளிலோ அன்பு என்பது இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துகிற குரலாகவே பெரும்பாலும் ஒலிக்கிறது. போதும் என்று பரிவோடு சொல்ல எவரும் பழகவில்லை. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, பிற்பகலில் தனியே அமர்ந்து, மிஞ்சியது வீணாகக் கூடாதே என்று சட்டியை வழித்து உண்கிற இல்லத்தரசிக்கு, காலையில் அவள் கேட்ட கடுஞ்சொல்லும் அந்தச் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போகிறது. உடல் பெருத்துவிட்டது என்று அவளைக் கேலி செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரேனும் அந்த நேரத்தில் அவளுக்கு இலை போட்டு, எதிரில் அமர்ந்து, காலையில் நடந்ததைப் பற்றி அவள் பேசக் கேட்பார்களானால், கடைசிக் கவளத்தை அவளே விட்டுவிடுவாள் என்று நான் நம்புகிறேன்.